ஒரு பலகை, நாலு சாமான், அரைக் கிராம் செம்பு

"சீனாவில அஞ்சு பலகையை ரெண்டு டொலருக்கு அடிச்சுத் தாறானாம். மறுகா என்னத்துக்கு வீட்டில கிடந்து மினக்கெடணும்?"

மின்சுற்றுப் பலகையை, அதான் நாம எல்லாரும் பீசீபி எண்டு சொல்ற அந்தப் பச்சைத் தகட்டை, வீட்டிலயே செய்யலாம் எண்டு சொன்னால் முதல்ல வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதுக்கு "நம்மட கையால செய்தா பெருமை" எண்ட மாதிரிப் பதில் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. பெருமை வயித்தை நிரப்பாது, வேளாண்மையையும் காக்காது. உன்னிச்சைப் பக்கம் இருக்கிற ஒரு பிள்ளைக்கு இதால என்ன பிரயோசனம் எண்டு கேட்டுப் பார்ப்பம்.

முதல்ல அந்த ரெண்டு டொலர் கணக்கு. பலகையின் விலை ரெண்டு டொலர்தான், பொய்யில்லை. ஆனால் கப்பல் கூலியோ விமானக் கூலியோ அதைவிடக் கூட. கட்டுறதுக்கு வங்கி அட்டை வேணும். ஏ.எல் படிக்கிற எத்தனை பிள்ளையின் வீட்டில வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய அட்டை இருக்கு? சாமான் வந்து சேரக் கிழமைக்கணக்காகும். 2022ஆம் ஆண்டை யோசிச்சுப் பாருங்க. ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிச்சு. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். இறக்குமதிக்குத் தடைக்கு மேல தடை. அந்த நேரம் "சீனாவில அடிக்கலாம்தானே" எண்ட வசனத்துக்கு என்ன பெறுமதி இருந்தது?

இந்த நாட்டுக்கு இது புதுசில்லை. கொழும்பில 1923ஆம் ஆண்டு முதல்முதல் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தபோது, எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர்களும் கடையில வாங்கின கருவியை வைத்துச் செய்யவில்லை. பிடிபட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைக் கழட்டி, அதிலிருந்து ஒரு சின்ன ஒலிபரப்பியைக் கட்டினார்கள். ஆசியாவின் பழைய வானொலி நிலையங்களில் ஒன்று இப்படிக் கழிவுச் சாமானில்தான் தொடங்கியது. பிறகு 1990களில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில பற்றரியே கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவால றேடியோ கேட்ட கதையை உங்கட வீட்டுப் பெரியாக்கள் ஆராவது சொல்லியிருப்பினம். படுவான்கரை ஊர்கள் பலதுக்கு யுத்தம் ஓய்ஞ்ச பிறகுதான் மின்சாரக் கம்பியே வந்தது. இல்லாத இடத்தில உண்டாக்கிக்கொள்ளுற பழக்கம் நம்மட ஆக்களுக்குப் பாடமாய்ப் படிப்பிச்சு வந்ததில்லை.

ஆனால் இண்டைக்குப் பாடமாய்ப் படிப்பிக்கிறார்கள். 2013இல் ஏ.எல்லுக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. ஓ.எல்லிலும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் பாடம் இருக்கு. தடையி, கொள்ளளவி, இருவாயி எண்டு பெயர்களெல்லாம் நம்மட பிள்ளைகளுக்குத் தண்ணிபட்ட பாடு. குறியீட்டைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார்கள். ஆனால் கீறின அந்தக் கோடு உண்மையில ஒரு செம்புப் பாதை, அதுக்கு அகலம் இருக்கு, தடிப்பு இருக்கு, வெடிச்சால் கரண்ட் போகாது எண்டதைக் கையால தொட்டு அறிஞ்ச பிள்ளைகள் எத்தனை பேர்? தாளில் இருக்கிற சுற்றுக்கும் பலகையில் இருக்கிற சுற்றுக்கும் இடையில ஒரு ஆறு ஓடுது. அதைக் கடக்கிற தோணிதான் வீட்டுப் பலகை.

பலகை செய்த பிள்ளைக்குப் பலகை வாசிக்கத் தெரியும். இதுதான் என்ட முக்கியமான வாதம். பழுதாய்ப்போன சோலார் லைட்டைத் திறந்தால், செய்யாத பிள்ளைக்கு அது ஒரு பச்சைத் தகடு. செய்த பிள்ளைக்கு அது ஒரு தெருப்படம். பற்றரியிலிருந்து வாற பாதை இது, இந்த இடத்தில கறள் பிடிச்சு அறுந்திருக்கு, ஒரு துண்டு வயர் வைத்துப் பற்றாசு பிடிச்சால் சரி எண்டு விரலை வைத்துச் சொல்லும். ஊருக்குள்ள அப்படி ரெண்டு பிள்ளை இருந்தால் எத்தனை சாமான் குப்பைக்குப் போகாமல் தப்பும்?

எது செய்யலாம், எது செய்யக்கூடாது

உன்னிச்சை எண்டால் குளம், வேளாண்மை, யானை. மூன்றையும் பிரிக்க ஏலாது. இலங்கையில் 2023ஆம் ஆண்டு மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிசரும் இந்தப் பிரச்சினையில் செத்தார்கள். வட்டையில காவலுக்குப் போய் வாடியில படுக்கிற ஒவ்வொருத்தருக்கும் இது புள்ளிவிவரமில்லை.

இலத்திரனியல் படிச்ச பிள்ளைக்கு உடனே வாற யோசனை கரண்ட் வேலி. அதில கை வைக்கவே வேணாம். முறையான யானை வேலிப் பெட்டி பற்றரியில ஓடி, கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒரு தரம், கண் சிமிட்டுறதைவிடக் குறைஞ்ச நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சி குடுக்கும். அடிக்கும், ஆனால் பிடிச்சு வைக்காது. வீட்டு 230 வோல்ட்டைக் கம்பியில நேரே குடுக்கிறது அப்படியில்லை. அது யானையையும் கொல்லும், விடிய வரம்பில நடந்து வாற பக்கத்து வயல்காரரையும் கொல்லும். சட்டத்துக்கும் பிழை, மனச்சாட்சிக்கும் பிழை. வேலிப் பெட்டியைத் தெரிஞ்ச ஆக்களே செய்யட்டும்.

நாம செய்யக்கூடியது எச்சரிக்கை மணி. ஆறு வோல்ட்டில, அதாவது நாலு சின்னப் பற்றரியில ஓடுறது. வாடியைச் சுத்தி மெல்லிய கம்பி ஒண்டு. அது அறுந்தால் உள்ளே சத்தம் வரும். அவ்வளவுதான். யானையை அது மறிக்காது. நித்திரையில இருக்கிற மனிசனை எழுப்பும். எழும்பினவர் இருட்டுக்குள்ள இறங்கி ஓடாமல், லைட்டைப் போட்டு மற்ற வாடிக்காரருக்குக் குரல் குடுக்கலாம்.

இதுக்கு வேண்டிய சாமான்: பீசீ 547 எண்ட ரான்சிஸ்டர் ஒண்டு, 47 கிலோ ஓம் தடையி ஒண்டு, பற்றரியில நேரே குடுத்தால் சத்தம் போடுற வகை பசர் ஒண்டு, பற்றரிக் கூடு ஒண்டு. நாலே நாலு. ரான்சிஸ்டரின் விலை ஒரு பிளேன்டீயைவிடக் குறைவு.

வேலை செய்யிற விதமும் லேசு. தடையி, பற்றரியின் நேர்ப்பக்கத்திலிருந்து ரான்சிஸ்டரின் அடிவாய்க்குக் கொஞ்சக் கரண்டைக் கொண்டுவரும். ஆனால் சுத்திக் கட்டின கம்பி அந்த அடிவாயை பற்றரியின் மறைப்பக்கத்தோட இணைச்சு வைத்திருக்கும். அதால வாற கரண்டெல்லாம் கம்பியால ஓடிப்போயிரும், ரான்சிஸ்டர் நித்திரை. கம்பி அறுந்தால் கரண்டுக்கு வேற வழி இல்லை, அடிவாய்க்குள்ளே போகும், ரான்சிஸ்டர் முழிக்கும், பசர் கத்தும். காத்திருக்கும்போது ஓடுற கரண்ட் ஒரு மில்லியம்பியரில எட்டில ஒரு பங்குதான். ஒரு செற் பற்றரி ஒரு போகம் முழுக்கத் தாங்கும்.

மருந்தே வேணாம், ஒரு கூட்டல் குறி போதும்

இப்ப பலகை. கடையில செம்பு பூசின வெறும் பலகை வாங்கலாம். அதன் மேல இருக்கிற செம்பு வழக்கமாய் 35 மைக்ரோன் தடிப்பு, தலைமயிரைவிட மெல்லிசு. வேண்டாத செம்பை எடுத்துப்போட்டு வேண்டிய பாதையை மட்டும் விடுறதுதான் பலகை செய்யிற வேலை முழுவதும்.

எல்லாரும் உடனே மருந்தில போடுறதைத்தான் நினைப்பார்கள். நம்மட மணிக்கு அது தேவையே இல்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க: இந்தச் சுற்றில் சந்திகள் நாலுதான். பற்றரியின் நேர், பற்றரியின் மறை, ரான்சிஸ்டரின் அடிவாய், ரான்சிஸ்டரின் சேகரிப்பான். நாலு சந்திக்கு நாலு செம்புத் தீவு. ஒரு செவ்வகத்தை நாலாய்ப் பிரிக்க ரெண்டு வெட்டுக் காணும். ஒரு கூட்டல் குறி!

பழைய அரிவாள் பிளேட் துண்டாலோ கூரான கத்தியாலோ அடிமட்டம் வைத்துச் செம்பில நெடுக்கே ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல். செம்பு விலகி, அடியில இருக்கிற பலகை தெரியும்வரை கீறணும். மேல் இடப்பக்கத் தீவு நேர். மேல் வலப்பக்கம் சேகரிப்பான். கீழ் இடப்பக்கம் அடிவாய். கீழ் வலப்பக்கம் மறை. தடையியை இடப்பக்க ரெண்டு தீவுக்கும் இடையில வைத்துப் பற்றாசு பிடியுங்க. பசரை மேல் ரெண்டு தீவுக்கும் இடையில, அதன் நேர்க்கால் இடப்பக்கம் வரணும். ரான்சிஸ்டர் நடுச் சந்தியில உட்காரும். அதன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடிச்சால், இடமிருந்து வலமாய் சேகரிப்பான், அடிவாய், காலி. அந்தந்தக் காலை அந்தந்தத் தீவுக்கு வளைச்சு விடுங்க. காலி மறைத் தீவுக்குப் போகும். சுத்திக் கட்டுற கம்பியின் ரெண்டு நுனியும் கீழ் ரெண்டு தீவுக்கு. பற்றரி நேருக்கும் மறைக்கும். துளை போடத் தேவையில்லை, ஏனெண்டால் சாமான் எல்லாம் செம்புப் பக்கத்திலயே இருக்கு. பற்றரி குடுக்க முந்தி மீற்றரை வைத்து நாலு தீவும் ஒண்டோடொண்டு முட்டவில்லை எண்டு பாருங்க. கீறலுக்குள்ள ஒரு செம்புத் தூள் கிடந்தாலும் காணும், சுற்று வேலை செய்யாது.

கம்பிக்குக் கழட்டின பழைய ட்ரான்ஸ்போமரின் வார்னிஷ் பூசின மெல்லிய செம்புக்கம்பி நல்லது. இழுத்தால் உடனே அறும், வழியில ஈரம் பட்டாலும் பிரச்சினை இல்லை. நாய் தட்டாத உயரத்தில கட்டுங்க. ஒரு குறை இருக்கு: அறுந்த ரெண்டு நுனியும் நனைஞ்ச மண்ணுக்குள்ள பக்கம் பக்கமாய் விழுந்தால், ஈரத்தின் ஊடாகக் கரண்ட் ஓடி மணி சத்தமில்லாமல் இருக்கவும் கூடும். பற்றரி செத்தாலும் சத்தம் வராது. அதால ஒவ்வொரு நாளும் படுக்க முந்தி ஒரு நுனியைக் கழட்டி, கத்துதா எண்டு பார்த்துப்போட்டுப் படுக்கணும். சாமானைக் கண்மூடி நம்புற ஆள் இலத்திரனியல் படிச்சவனில்லை. அது எங்க ஏமாத்தும் எண்டு தெரிஞ்சவன்தான் படிச்சவன்.

மருந்து எங்க போகுது?

கூட்டல் குறியில அடங்காத சுற்றும் வரும். ஒரு ஐசி வைத்தால் கால் எட்டு, பதினாலு. அப்ப மருந்து வேணும். முறை பலருக்குத் தெரியும். கீக்காட் எண்ட இலவச மென்பொருளில பாதையைக் கீறி, கொமினிகேசன் கடையில லேசர் பிரிண்டரில வழுவழுப்பான தாளில எடுக்கிறது. மையால அடிக்கிற பிரிண்டர் சரிவராது. லேசரின் டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள், சூட்டில உருகிச் செம்பில ஒட்டும், அதான் சூட்சுமம். பச்சை ஸ்கொச்சால செம்பை மினுங்கத் தேய்ச்சு, அம்மாட அயன் பொக்ஸை ஆவி இல்லாமல் பருத்திச் சூட்டில வைத்து நாலஞ்சு நிமிசம் அமத்தி, தண்ணியில ஊறவைத்துத் தாளை மெல்ல உரிக்கிறது. பிறகு பிளாஸ்டிக் தட்டில பெரிக் குளோரைட் கரைசல். கண்ணாடியும் கையுறையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில. உலோகப் பாத்திரம் கூடவே கூடாது. கால் மணி, அரை மணியில டோனர் மூடாத செம்பு போயிரும்.

எங்க போகும்? இதைத்தான் செய்முறை சொல்லித் தாறவர்கள் அனேகமாய்ச் சொல்லுறதில்லை. செம்பு மாயமாய்ப் போகாது. கரைசலுக்குள்ளதான் இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுவம். அஞ்சு சென்ரிமீற்றருக்கு ஏழு சென்ரிமீற்றர் பலகை. 35 மைக்ரோன் தடிப்பில அதில இருக்கிற செம்பு கிட்டத்தட்ட 1.1 கிராம். பாதி கரைஞ்சால் அரைக் கிராமுக்குச் சற்றுக் கூட, 550 மில்லிகிராம். குடிதண்ணியில ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்புக்கு மேல இருக்கக்கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அப்ப இவ்வளவு சின்னப் பலகை ஒண்டின் மருந்து, 275 லீற்றர் தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். மீனுக்கும் பாசிக்கும் இதைவிடப் பல மடங்கு குறைஞ்ச அளவே நஞ்சு.

இதை உன்னிச்சையில இருந்து எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. மட்டக்களப்பு நகரத்துக் குழாயில வாறது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி. மிச்சத் தண்ணி வாய்க்காலால வட்டைக்கும், கடைசியில 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்கும் போகுது. அந்த வாவியில வலை வீசித்தான் எத்தனையோ குடும்பம் சோறு திங்குது. ஒரு பிள்ளையின் அரைக் கிராம் வாவியைக் கொல்லாது, உண்மைதான். ஆனால் கிணத்தடியில ஊத்தினால் முதல்ல போறது உங்கட கிணத்துக்கு. "சின்னத் துளிதானே" எண்டு எல்லாரும் ஊத்தித்தான் உலகத்தில எத்தனையோ ஆறு கெட்டது.

செய்யக்கூடியது இதுதான். பாவிச்ச கரைசலை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் போத்தலில பெயர் எழுதிச் சேர்த்து வையுங்க. பல தரம் பாவிக்கலாம். இனி அரிக்காது எண்ட நிலை வந்தால், சுத்தமான இரும்பு ஆணிகளைப் போட்டால் செம்பு ஆணியின் மேல படியும். பிறகு வோஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்க்கணும், ஒரேயடியாய்ப் போட்டால் பொங்கி வழியும். அடியில சேறு மாதிரிப் படியிறதுக்குள்ளதான் மிச்ச உலோகம் இருக்கு. அதைக் காய வைத்து மூடி வைக்கணும், மண்ணில கொட்ட ஒண்ணா. இது முழுவதும் ஏ.எல் இரசாயனம். புத்தகத்தில இருக்கிற தாக்கம் கண்ணுக்கு முன்னால நடக்குது.

ஆனால் ஒவ்வொரு வீட்டிலயும் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. என்ட அபிப்பிராயம் இது: முதல் பலகை கத்தியால, வீட்டில. மருந்துப் பலகை பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில, ஆசிரியரோட, எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே கழிவுப் போத்தல். பத்துப் பிள்ளை பத்து வீட்டில ஊத்துறதைவிட ஒரு போத்தலைப் பத்துப் பேர் காவல் காக்கிறது லேசு. தொழினுட்பப் பிரிவு இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலயும் அந்தப் போத்தல் இருக்கணும் எண்டு கேட்கிறது பெரிய கோரிக்கையா? கட்டடம் கேட்கவில்லை, கணினி கேட்கவில்லை. ஒரு போத்தலும் அதுக்குப் பொறுப்பான ஒரு ஆளும்.

ஆருக்கு இந்த வேலை?

கடைசியாய் ஒண்டு. இந்தப் பலகையைக் கண்டுபிடிச்சவர் பவுல் ஐஸ்லர். வியன்னாவில பிறந்த யூதர். வேலை இல்லாமல் 1936இல் லண்டனுக்கு வந்து, ஒரு வாடகை அறையில இருந்துகொண்டு, அச்சடிச்ச சுற்றை வைத்து ஒரு றேடியோ செய்தார். உலகத்தின் முதல் பீசீபிகளில ஒண்டு வீட்டில செய்ததுதான். அதைக் கொண்டுபோய்க் காட்டினபோது ஒரு கம்பனி வேணாம் எண்டிச்சாம். காரணம்: வயர் கட்டுற வேலையைச் செய்யிறது பெட்டைகள், பெட்டைகள் இதைவிட மலிவு. பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில குண்டுகளின் வெடிப்பானுக்கு இந்தப் பலகை தேவைப்பட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கம்பனியின் பேச்சு இன்னும் நம்மட ஊரில கேட்குது. தொழினுட்பப் பிரிவு எண்டால் பொடியன்மாருக்கு, பெட்டைக்கு என்னத்துக்கு எண்டு கேட்கிற ஆக்கள் இருக்கிறார்கள். சூடு பார்த்து அயன் பண்ணவும், நுணுக்கமாய்ப் பிடிக்கவும், பொறுமையாய்த் தாளை உரிக்கவும் தெரிஞ்ச கைதான் இந்த வேலைக்கு வேணும். அந்தக் கை எந்த வீட்டிலயும் ஆருக்கு இருக்கு எண்டு நீங்களே சொல்லுங்க.

சீனாவில அடிக்கிறதை நான் வேணாம் எண்டு சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் பாதை ஓடுற, நுள்ளுச் சாமான் வைக்கிற பலகைக்கு அதுதான் சரி. ஒரே ஒண்டு போதுமெண்டால் டொட் போர்ட்டும் காணும். ஆனால் வெளியில அடிக்கக் குடுக்கிற ஆளுக்கும் தான் என்ன கேட்கிறன் எண்டு தெரிஞ்சிருக்கணும். அது தெரிய ஒரு பலகையாவது கையால செய்திருக்கணும். ஒரு துண்டுப் பலகை, ஒரு கத்தி, ரெண்டு கீறல். இந்த லீவுக்குள்ள முடிக்கலாம். பெரும்போகம் விதைக்க முந்தி வாடியில மாட்டிப் பார்க்கவும் நேரம் இருக்கும்.